ஈசிஎம் போய்விட்டது என்று முடிவு கட்டும் முன்: பழைய பிக்கப் வண்டியில் படிப்படியாகச் சோதிப்பது எப்படி

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, என்ஜின் மட்டும் பிடிக்கவில்லை. அல்லது ஓடிக்கொண்டிருந்த வண்டி திடீரென்று நின்றுபோய், அரை மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிறது. ஸ்கேனரைப் போட்டவர் நான்கைந்து பிழைக் குறியீடுகளைப் படித்துவிட்டு, "ஈசிஎம் போய்விட்டது" என்கிறார். ஈசிஎம் என்பது என்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி. கிருஷ்ணகிரியில் என் பட்டறைக்கு இந்தத் தீர்ப்போடு வந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் ஈசிஎம் நல்ல நிலையில்தான் இருந்தது. அதற்கு வர வேண்டிய மின்சாரமோ, எர்த்தோ, சென்சார் தகவலோதான் வராமல் இருந்தது.

பி.எஸ். 4 என்னும் வாகனப் புகை விதி 2017 ஏப்ரலில் நாடு முழுவதும் கட்டாயமானது. அதற்குச் சற்று முன்னும் பின்னுமாக வந்த, காமன் ரெயில் (உயர் அழுத்த டீசலை ஒரே குழாயில் தேக்கி எல்லா சிலிண்டருக்கும் தரும் முறை) டீசல் என்ஜின் கொண்ட 12 வோல்ட் பிக்கப் வண்டிகளை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் அதற்கு முந்தைய படி சரியாக இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் நிற்கிறது.

1. கையில் இருக்க வேண்டியவை

டிஜிட்டல் மல்டிமீட்டர், நேரடி அளவுகளைக் காட்டும் ஸ்கேனர், அந்த மாடலுக்குரிய வயரிங் வரைபடம். இந்த மூன்றில் எது இல்லாவிட்டாலும் வேலையைத் தொடங்க வேண்டாம். குறியீட்டை மட்டும் படித்துக் காட்டும் மலிவான கருவி இதற்குப் போதாது. செல்ஃப் சுற்றும்போது என்ஜின் வேகமும் ரெயில் அழுத்தமும் என்னவென்று கண்ணால் பார்த்தாக வேண்டும். வரைபடம் இல்லாமல் வயர் நிறத்தை வைத்து ஊகிப்பது, முகவரி இல்லாமல் ஓசூரில் வீடு தேடுவதைப் போன்றது.

இவற்றோடு, ஹோல்டரில் மாட்டிய 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றையும் இரண்டு வயர் வைத்துத் தயார் செய்துகொள்ளுங்கள். இந்தப் பல்பு பவர், எர்த் சோதனைக்கு மட்டுமே. சென்சார் வயர்களில் இதை வைத்தால், பல்பு இழுக்கும் மின்னோட்டத்தில் ஈசிஎம் உள்ளே உண்மையாகவே ஏதாவது வெந்துபோகும். வேலை பழக வரும் பிள்ளைகள் செய்யும் முதல் தவறு இதுதான்.

இரண்டாவது தவறு, வயரின் தோலைக் குத்தி அளப்பது. அந்த ஓட்டை வழியாக ஈரம் இறங்கும். இரண்டு மழைக்காலம் கழிந்தால் உள்ளே செம்பு பச்சைப் பொடியாகியிருக்கும். வயர்களை இணைக்கும் கப்ளரின் பின்பக்கமாக, ரப்பர் ஓரத்தில் மெல்லிய ஊசியை நுழைத்து அளக்க வேண்டும்.

2. ஓட்டுநரிடம் கேளுங்கள்

பானெட்டைத் திறப்பதற்கு முன் ஐந்து நிமிடம் பேசுங்கள். கோளாறு எப்போது வருகிறது? காலைக் குளிரிலா, மதிய வெயிலிலா, மழையிலா? அதற்கு முந்தைய வாரம் வண்டியில் என்ன வேலை நடந்தது?

கேட்டால் வரும் பதில்கள் பெரும்பாலும் சிலவற்றுக்குள் அடங்கிவிடும். ஆயுத பூஜைக்கு வாட்டர் சர்வீஸ் விட்டபோது என்ஜின் அறைக்குள் பிரஷர் தண்ணீர் அடித்திருப்பார்கள். மாம்பழ சீசனுக்கு முன் பக்கவாட்டை உயர்த்த, பேட்டரியைக் கழற்றாமலே வெல்டிங் வைத்திருப்பார்கள். புதிதாக ஜிபிஎஸ் கருவி மாட்டியவர், கையில் கிடைத்த இக்னிஷன் வயரை உரித்து முறுக்கிவிட்டுப் போயிருப்பார். பேட்டரி இறங்கிப்போய், நெடுஞ்சாலையில் நின்ற லாரியிலிருந்து கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்த கதையும் உண்டு. லாரியில் இருப்பது 24 வோல்ட். 12 வோல்ட் வண்டியின் ஈசிஎம்முக்கு அது அடி. இந்தப் பதில் வந்தால் மட்டும் என் சந்தேகம் ஆரம்பத்திலேயே ஈசிஎம் பக்கம் சாயும். அப்போதும் சோதனை வரிசையை மாற்ற மாட்டேன்.

ஓடும்போது நிற்கிற வண்டி என்றால், காரணம் தெரியும் வரை சரக்கு ஏற்றி வெளியே அனுப்பாதீர்கள். தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் இறங்கும்போது என்ஜின் நின்றால் ஸ்டியரிங் கனத்துவிடும். பிரேக் பூஸ்டரில் மிச்சம் இருக்கும் வேக்குவம் சில மிதிகளுக்குத்தான் வரும்.

3. பேட்டரி

பேட்டரி சோர்ந்திருந்தால் மேற்கொண்டு எடுக்கும் எந்த அளவும் பொய். வண்டி சில மணி நேரம் ஓய்ந்திருந்த பிறகு 12.6 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.2 என்றால் பாதி. செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே விழக் கூடாது. ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும்.

மின்னழுத்தம் விழுந்து எழும்போது ஈசிஎம் தன் உள்சோதனையில் தானே குழம்பி, பி0606 போன்ற குறியீட்டைப் பதிவு செய்வதுண்டு. அந்த எண்ணுக்கு விளக்கம் தேடினால் "ஈசிஎம் பிராசஸர் கோளாறு" என்று வரும். அதைப் படித்ததுமே பெட்டியைக் கழற்றி விலை விசாரிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். பேட்டரியை நிறைத்து, குறியீடுகளை எழுதி வைத்துக்கொண்டு அழியுங்கள். எது திரும்பி வருகிறதோ அதை மட்டும் நம்புங்கள்.

4. சாவி போட்டதும் என்ஜின் விளக்கு எரிகிறதா?

சாவியை ஆன் செய்ததும் மீட்டரில் மஞ்சள் நிற என்ஜின் விளக்கு எரிய வேண்டும். ஸ்கேனரும் என்ஜின் பகுதியோடு பேச வேண்டும். இரண்டும் நடந்தால் ஈசிஎம் விழித்திருக்கிறது. நேராக 6-ஆம் படிக்குப் போகலாம். ஓடும்போது நிற்கிற வண்டி என்றால் மட்டும் 5-ஆம் படியைத் தாண்டாதீர்கள்.

இரண்டும் இல்லை என்றால் ஈசிஎம்முக்குப் பவர் இல்லை என்றே முதலில் நினையுங்கள். அடுத்த படி அதற்கானது.

விளக்கு எரிகிறது, ஸ்கேனர் மட்டும் பேசவில்லை என்றால் ஸ்கேனர் மாட்டும் சாக்கெட்டைப் பாருங்கள். 16-ஆம் முனையில் பேட்டரி மின்னழுத்தம், 4, 5 முனைகளில் எர்த் வர வேண்டும். 16-இல் ஒன்றும் இல்லை என்றால் ஒரு ஃபியூஸோடு வேலை முடியலாம். கேன் முறையில் (பெட்டிகள் இரண்டு வயர் வழியாகத் தகவல் பரிமாறும் முறை) பேசும் வண்டியாக இருந்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, 6-க்கும் 14-க்கும் இடையே ரெசிஸ்டன்ஸ் அளங்கள். அந்த இரட்டை வயரின் இரண்டு கோடிகளிலும் 120 ஓம் தடை இருப்பதால் சுமார் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் எங்கோ வயர் அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு வயரும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இன்னும் பழைய வண்டியாக 7-ஆம் முனை வழியே பேசுவதாக இருந்தால், சாவி ஆனில் அங்கே ஏறக்குறைய பேட்டரி மின்னழுத்தம் தெரிய வேண்டும்.

5. பவரும் எர்த்தும்: பாதி வண்டிகள் இங்கேயே முடிந்துவிடும்

ஈசிஎம்முக்கு ஒரே வயரில் மின்சாரம் போவதில்லை. பேட்டரியிலிருந்து எப்போதும் வரும் ஒரு வயர், சாவி போட்டதும் வரும் ஒரு வயர், மெயின் ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) வழியாக வரும் பெரிய வயர்கள், இவை தவிர இரண்டு மூன்று எர்த். வரைபடத்தைப் பார்த்து இந்த முனைகளின் எண்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஃபியூஸைக் கண்ணால் பார்த்துவிட்டு நல்லது என்று சொல்லாதீர்கள். மாட்டியிருக்கும் நிலையிலேயே அதன் தலையில் தெரியும் இரண்டு புள்ளிகளிலும் மின்னழுத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது.

மெயின் ரிலேயில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ரிலே "டக்" என்று சத்தம் போடவில்லை என்றால் ரிலேயை மாற்றிவிடுகிறார்கள். உண்மையில், பல வண்டிகளில் சாவி வயர் ஈசிஎம்மை எழுப்ப, ஈசிஎம்தான் ரிலேயின் சுருளுக்கு எர்த் கொடுத்து அதை இழுக்கிறது. பிறகு அதே ரிலே ஈசிஎம்முக்கு முழுப் பவரைத் தருகிறது. சாவி வயர் வரவில்லை என்றால் புது ரிலேயும் சும்மாதான் இருக்கும். முதலில் ஈசிஎம் கப்ளரில் சாவி வயரை அளங்கள். அது சரியாக இருந்தால், ரிலேயின் 86-ஆம் முனையில் பவர் இருப்பதை உறுதி செய்துகொண்டு, 85-ஐ ஒரு வயரால் எர்த்துக்குத் தொட்டுப் பாருங்கள். ரிலே இழுத்து என்ஜின் விளக்கும் உயிர் பெற்றால், ஈசிஎம்மின் கட்டளையோ அது வரும் வயரோதான் பழுது. 85 எது, பேட்டரியிலிருந்து நேரே பவர் வரும் 30 எது என்று இரண்டு முறை பார்த்துவிட்டுத் தொடுங்கள். 30-ஐ எர்த்தில் வைத்த ஒரு பையனின் விரல் நுனியில் இன்னும் தழும்பு இருக்கிறது.

இப்போது 21 வாட் பல்பு. சாவியை அணைத்து, சில நிமிடம் விட்டு, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, ஈசிஎம் கப்ளரைப் பிரியுங்கள். அணைத்த பிறகும் ஈசிஎம் கொஞ்ச நேரம் விழித்திருந்து தன் கணக்குகளை எழுதும் என்பதால்தான் இந்தக் காத்திருப்பு. நெகட்டிவை மறுபடி மாட்டி, பல்பின் ஒரு வயரை பேட்டரி பாசிட்டிவிலும் மற்றொன்றை கப்ளரின் எர்த் முனையிலும் வையுங்கள். முனையின் வாயை விரித்துவிடாமல், அளவான ஊசி வழியாகவே தொடுங்கள். பல்பு முழு வெளிச்சத்தில் எரிய வேண்டும். ஒவ்வொரு எர்த்துக்கும் இப்படியே. பவர் முனைகளுக்கு, சாவியை ஆன் செய்து, பல்பின் மறுவயரை பேட்டரி நெகட்டிவில் வைத்துப் பாருங்கள். மெயின் ரிலே வழியாக வரும் முனைகளில் மட்டும், கப்ளர் கழன்றிருப்பதால் பவர் தானாக வராது. 85-ஐ எர்த் செய்து வைத்துக்கொண்டு பாருங்கள்.

மீட்டர் இருக்கும்போது பல்பு எதற்கு? மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் மிக மிகக் குறைவு. இருபது இழையில் ஒரே ஓர் இழை மிச்சம் இருந்தாலும் மீட்டரில் 12.5 தெரியும். 21 வாட் பல்போ ஏறக்குறைய ஒன்றே முக்கால் ஆம்பியர் கேட்கும். அறுந்த வயரால் அதைக் கொடுக்க முடியாது.

ராயக்கோட்டையிலிருந்து தக்காளி ஏற்றும் ஒரு வண்டி இப்படித்தான் வந்தது. இரவில் மட்டும் நிற்கும். வேறோர் இடத்தில் கிராங்க் சென்சார் (என்ஜின் சுற்றுவதை ஈசிஎம்முக்குச் சொல்வது), டீசல் ஃபில்டர், கடைசியில் பழைய ஈசிஎம் ஒன்று என்று வரிசையாக மாற்றியிருந்தார்கள். எர்த்தில் மீட்டர் வைத்தேன், குறை சொல்ல முடியவில்லை. பல்பை வைத்தேன், ஊதுபத்தி முனைபோலக் கனன்றது. வயரைத் தொடர்ந்து போனால் பேட்டரித் தட்டுக்குக் கீழே ஒரு போல்ட். போல்ட் இறுக்கமாக இருந்தது. வளையத்தை ஒட்டிய கறுப்புத் தோலை பிளேடால் கீறியதும் உள்ளிருந்து வெளுத்த பச்சைப் பொடி கொட்டியது. மேலே பேட்டரியிலிருந்து ஆசிட் சொட்டிச் சொட்டி, உள்ளே செம்பைத் தின்றிருந்தது. பகலில் அந்த மிச்ச இழைகள் சமாளித்தன. இரவில் ஹெட்லைட்டும் அதே போல்ட்டில் எர்த் தேட, ஈசிஎம் பட்டினி கிடந்தது. ஒரு வளையமும் அரை அடி வயரும் போட்டதோடு சரி. பழைய ஈசிஎம் வாங்கிய பணம் போனது போனதுதான்.

பல்புச் சோதனை முடிந்து கப்ளரை மாட்டிய பிறகு, ஹெட்லைட், ஃபேன் எல்லாவற்றையும் போட்டு, ஈசிஎம் எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் இடையே மின்னழுத்தம் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.2-ஐத் தாண்டினால் எர்த் வழியைச் சுத்தம் செய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். செல்ஃப் அடிக்கும்போதும் ஒருமுறை பாருங்கள். என்ஜினையும் சேஸிஸையும் இணைக்கும் பட்டை எர்த் கெட்டிருந்தால், செல்ஃப் மோட்டார் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர், திரும்பும் வழி தேடி மெல்லிய வயர்களில் பாயும்.

6. ஐந்து வோல்ட் வழி

ஈசிஎம் விழித்திருக்கிறது, ஆனால் ஒரே நேரத்தில் சம்பந்தமில்லாத பல சென்சார்களின் குறியீடுகள் வருகின்றன, ஆக்சிலேட்டர் வேலை செய்யவில்லை என்றால் 5 வோல்ட்டைப் பாருங்கள். பல சென்சார்களுக்கு ஈசிஎம் தானே 5 வோல்ட் தயாரித்துக் கொடுக்கிறது. ஒரு தெருக்குழாயில் பல வீடுகள் தண்ணீர் பிடிப்பதுபோல, ஒரே வழியில் பல சென்சார்கள் இருக்கும். ஒன்று ஷார்ட் ஆனால் எல்லாவற்றுக்கும் போய்விடும். பி0641, பி0651 இரண்டும் இதைச் சொல்லும் குறியீடுகள்.

ஏதாவது ஒரு மூன்று வயர் சென்சாரின் கப்ளரில் சாவி ஆனில் அளங்கள். 4.9 முதல் 5.1 வரை இருந்தால் சரி. பூஜ்யத்தை ஒட்டி இருந்தால், மீட்டரை அங்கேயே வைத்துக்கொண்டு, அதே வழியில் உள்ள மற்ற சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ அதுவே குற்றவாளி. எல்லாவற்றையும் கழற்றியும் வரவில்லை என்றால், ஈசிஎம் கப்ளரில் அந்த ஒரு வயரைத் தனியாக்கி, அது எர்த்தோடு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டவில்லை, ஈசிஎம் முனையிலும் 5 வோல்ட் இல்லை, பவரும் எர்த்தும் 5-ஆம் படியில் தேறிவிட்டன என்றால்தான் ஈசிஎம் மீது கை வைக்கலாம்.

5-க்குப் பதில் 12 காட்டினால், எங்கோ ஒரு பவர் வயர் இதோடு ஒட்டியிருக்கிறது. எலி கடித்த இடத்தைத் தேடுங்கள்.

ஆக்சிலேட்டர் பெடலில் பெரும்பாலும் இரண்டு தனித்தனி சென்சார்களும் தனித்தனி 5 வோல்ட்டும் இருக்கும். ஒன்றை மட்டும் அளந்துவிட்டு விடாதீர்கள்.

7. செல்ஃப் சுற்றும்போது இரண்டு எண்கள்

ஸ்டார்ட் ஆகாத வண்டியில், ஸ்கேனரில் என்ஜின் வேகத்தையும் ரெயில் அழுத்தத்தையும் திறந்து வைத்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள்.

வேகம் பூஜ்யமாகவே இருந்தால், என்ஜின் சுற்றுவது ஈசிஎம்முக்குத் தெரியவில்லை. தெரியாமல் அது டீசல் தராது. கிராங்க் சென்சார், அதன் வயர், பல் சக்கரத்துக்கும் அதற்கும் உள்ள இடைவெளி ஆகியவற்றைப் பாருங்கள். இரண்டு வயர் காந்தச் சென்சார் என்றால் ரெசிஸ்டன்ஸ் சில நூறு ஓம் முதல் ஆயிரத்தை ஒட்டி இருக்கும். சூடானதும் அறுந்து, ஆறியதும் ஒட்டிக்கொள்ளும் சென்சார்கள் நிறைய உண்டு. ஆகவே வண்டி நின்ற அந்த நிமிடத்தில் அளப்பதுதான் அளவு.

வேகம் தெரிகிறது, அழுத்தம் ஏறவில்லை என்றால் இது பெரும்பாலும் டீசல் வழியின் பிரச்சினை. பல என்ஜின்களில் சுமார் 200 பார் அழுத்தம் எழாமல் இன்ஜெக்டர் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம்) திறக்காது. ஃபில்டர், காற்று நுழைவு, பம்ப், இன்ஜெக்டர் கசிவு என்று போக வேண்டும். பழைய டீசல் வண்டிப் பழக்கத்தில் ஹை பிரஷர் பைப்பின் நட்டைத் தளர்த்திப் பார்க்காதீர்கள். என்ஜின் ஓடும்போது அதில் ஆயிரம் பாருக்கு மேல் போகும். ஊசிபோலப் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அப்படி நேர்ந்தால் காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்ஜெக்டர் வயரிலும் பல்பு வைக்கக் கூடாது. இன்ஜெக்டரைத் திறக்க ஈசிஎம் 12 வோல்ட்டைப் பல மடங்கு உயர்த்தித்தான் அனுப்புகிறது.

8. கப்ளரும் வயர்க் கட்டும்

என்ஜினை ஓட விட்டு, நேரடி அளவுகளைப் பார்த்தபடி வயர்க் கட்டை அங்கங்கே மெதுவாக அசையுங்கள். எங்கே அசைத்தால் எண் துள்ளுகிறதோ அங்கே நில்லுங்கள். பிராக்கெட்டில் உரசும் இடங்கள், என்ஜின் ஆட்டத்தில் மடங்கும் இடங்கள், வெளியே நிறுத்திய வண்டியில் எலி கூடு கட்டும் மூலைகள் ஆகியவற்றை முதலில் பாருங்கள்.

ஈசிஎம் கப்ளரைக் கழற்றி, டார்ச் அடித்து ஒவ்வொரு முனையாகப் பாருங்கள். பச்சை படிந்திருந்தால் கான்டாக்ட் கிளீனர் போதும். உப்புத்தாளால் தேய்த்தால் மேல்பூச்சு போய், அடுத்த மழைக்கே திரும்பி வரும்.

9. சூட்டில் மட்டும் வரும் கோளாறு

இதுவரை எல்லாம் சரி, ஆனாலும் சூடானால் நிற்கிறது என்றால், குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் செய்து, ஈசிஎம் பெட்டியை மட்டும் தலைமுடி உலர்த்தும் டிரையரால் மெதுவாகச் சூடாக்குங்கள். கை வைத்துப் பொறுக்கக்கூடிய சூட்டைத் தாண்ட வேண்டாம். என்ஜின் நின்றால் டேபிள் ஃபேன் வைத்து ஆற விடுங்கள். ஆறியதும் ஸ்டார்ட் ஆகி, மறுபடி சூடாக்கினால் நின்றால், பெரும்பாலும் உள்ளே ஈயப் பற்று விட்டிருக்கிறது. ஒரு முறை நின்றதை வைத்து முடிவு செய்யாதீர்கள். மூன்று முறை அதே மாதிரி நிற்க வேண்டும்.

10. எப்போது ஈசிஎம்மைக் குற்றம் சொல்லலாம்?

உள்ளே போவதெல்லாம் சரியாகப் போய், வெளியே வர வேண்டியது வரவில்லை என்று அளந்து காட்ட முடிந்தால். பவர், எர்த், சாவி வயர், கிராங்க் சிக்னல், ரெயில் அழுத்தம் எல்லாம் இருக்கின்றன, இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகவிடாத திருட்டுத் தடுப்பு) தடுக்கவில்லை, இன்ஜெக்டருக்குக் கட்டளை மட்டும் போகவில்லை என்பதுபோல. இம்மொபிலைசரை நிறைய பேர் மறந்துவிடுகிறார்கள். மீட்டரில் சாவிப் படம் போட்ட விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால் முதலில் வேறு சாவியைப் போட்டுப் பாருங்கள்.

தண்ணீர் புகுந்த கறை, கருகிய வாசனை, வீங்கிய கப்பாசிட்டர் ஆகியவை கண்ணால் காணும் சாட்சிகள். ஆனால் பல பெட்டிகள் பசை போட்டு மூடப்பட்டவை. பழுது பார்ப்பவரிடம் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் நீங்கள் திறக்காமல் கொடுப்பதே நல்லது.

11. மாற்றும்போது

பெங்களூரு ஜே.சி. ரோட்டில் பழைய ஈசிஎம் தேடப் போகிறவர்கள், வண்டி மாடலை மட்டும் சொல்லி வாங்கி வந்துவிடுகிறார்கள். பெட்டியின் ஸ்டிக்கரில் உள்ள பாக எண் முழுவதும் பொருந்த வேண்டும். பொருந்தினாலும் மாட்டியவுடன் ஓடும் என்று எதிர்பார்க்காதீர்கள். இம்மொபிலைசரோடு இணைக்க வேண்டியிருக்கும். இன்ஜெக்டர்களின் தலையில் திருத்தக் குறியீடு அச்சிட்டிருந்தால், அதை எந்த சிலிண்டருக்கு எது என்று மாறாமல் ஈசிஎம்மில் எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் என்ஜின் ஓடும், ஆனால் அதிரும், புகை தள்ளும். பிறகு இன்ஜெக்டர் போய்விட்டது என்று அடுத்த கதை தொடங்கும்.

முதல் பெட்டி எதனால் வெந்தது என்று தெரியாமல் இரண்டாவதை மாட்டாதீர்கள். ஷார்ட் ஆன சோலனாய்டோ ரிலேச் சுருளோ காரணமாக இருந்தால், புதியதும் சாவி போட்ட நிமிடத்தில் அதே வழியில் போகும்.

கழற்றிய பழைய ஈசிஎம்மை எடைக்குப் போட வேண்டாம். அந்த வண்டியின் சாவித் தகவலும் இன்ஜெக்டர் தகவலும் அதனுள்தான் இருக்கின்றன. புதியதில் எழுத முடியாமல் போனால் பழையதிலிருந்து படித்து எடுக்க வேண்டி வரலாம். பிளாஸ்டிக் பையில் சுற்றி, வண்டி எண்ணையும் கழற்றிய தேதியையும் எழுதி, உரிமையாளர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.